ஸ்க்ரோல் பண்ற கட்டைவிரலும் லீவர் அழுத்திய எலியும் - ஸ்கின்னர் என்கிற விநோத மனிதரின் கதை!

உங்க போன்ல ஸ்க்ரீன் டைம் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்க. அந்த எண்ணைப் பார்த்ததும் பெரும்பாலானவங்க செய்யறது ஒண்ணுதான், தன்னைத்தானே திட்டிக்கிறது. மன உறுதி இல்ல, சோம்பேறித்தனம், நாளையிலிருந்து திருந்தணும். நாளைக்கும் அதே எண்தான் வரும். சில நாள் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

இப்படித் திட்டிக்கிறதால ஒண்ணும் மாறப்போறதில்லைன்னு வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கிட்டிருந்தார் ஒருவர். ஒரு செயலை நீங்க திரும்பத் திரும்பச் செய்யறீங்கன்னா, அதுக்கான காரணத்தை மனசுக்குள்ள தேடாதீங்க, அந்தச் செயல் முடிஞ்ச அடுத்த நொடி உங்களுக்கு என்ன கிடைக்குதுன்னு பாருங்க என்பதுதான் அவர் கட்சி. பெயர், பி.எஃப்.ஸ்கின்னர். பி.எட் படிச்சவங்களுக்கும் சைக்காலஜி படிச்சவங்களுக்கும் எலி, பெட்டி, லீவர்னு ஒரு படம் ஞாபகத்துக்கு வரும். பரீட்சைக்கு அஞ்சு மார்க் கேள்வி. ஆனா, அந்தப் பெட்டியைச் செஞ்ச மனுஷனின் கதை அஞ்சு மார்க்கில் அடங்காது.

பைஜாமாவும் ஒரு போர்டும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் சஸ்குஹானா என்று ஒரு சின்ன ரயில்வே ஊர். 1904, மார்ச் 20-ல் அங்கே பிறந்தார் பர்ஹஸ் ஃப்ரெடரிக் ஸ்கின்னர். அப்பா வக்கீல். அடிச்சு வளர்த்த வீடு இல்ல, பயம் காட்டி வளர்த்த வீடு. கெட்ட வார்த்தை சொன்னதுக்காக அம்மா ஒருமுறை சோப்புப் போட்டு வாயைக் கழுவிவிட்டார். நரகம்னா என்னன்னு புரியவைக்க, அடுப்புக்குள்ள தகதகன்னு கனன்ற நிலக்கரியைக் காட்டினார் பாட்டி. தப்பு செய்யறவங்க கதி தெரியட்டும்னு அப்பா ஜெயிலுக்கே கூட்டிட்டுப்போய்ச் சுத்திக் காட்டினார். தண்டனை என்ற விஷயத்தின் மேல் ஸ்கின்னருக்குக் கடைசி வரை இருந்த வெறுப்பு இங்கேதான் ஆரம்பிச்சிருக்கணும்.

பையன் கை சும்மா இருக்காது. எதையாவது வெட்டி, ஒட்டி, கட்டிக்கிட்டே இருப்பான். காட்டுப்பழம் பறித்து விற்கக் கிளம்பினப்போ, பழுத்ததையும் காயையும் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பிரிக்க ஓர் ஏற்பாடு செஞ்சான். நிற்காமல் தானே ஓடும் இயந்திரம் ஒன்றுக்காக வருஷக்கணக்கில் மெனக்கெட்டான். அது ஓடலை என்று சொல்லவும் வேண்டுமா?

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்சது பைஜாமா கதை. காலையில் கழற்றின பைஜாமாவைக் கொக்கியில் மாட்ட மறந்துடுவான். காலைச் சாப்பாட்டில் பாதியிலிருக்கும்போது, அம்மா மாடிக்குப் போய்ப் பார்த்துட்டு, உடனே மேலே வரச் சொல்லிக் கூப்பிடுவார். தினமும் இதே கூத்து. நம்ம வீடா இருந்தா, இனிமே மறக்க மாட்டேன்னு ஒரு சத்தியத்தோட விஷயம் முடிஞ்சிருக்கும், மறுநாள் திரும்ப ஆரம்பிச்சிருக்கும். பையன் சத்தியம் எதுவும் பண்ணலை. கொக்கியிலிருந்து கதவு வரைக்கும் ஒரு நூலை ஓட்டினான். கொக்கியில் பைஜாமாவின் எடை இருந்தால், கதவுக்கு மேலே ஒரு போர்டு ஒதுங்கி நிற்கும். கொக்கி காலியா இருந்தால், பைஜாமாவை மாட்டு என்கிற அந்த போர்டு வாசலின் நடுவில் வந்து தொங்கும், வெளியே போகும்போது கண்ணில் பட்டே தீரும். மறதியைக் குணப்படுத்தப் பார்க்காம, அறையை மாத்தி அமைச்சுட்டான். இந்த ஒரு நூலைத்தான் அவர் அடுத்த எழுபது வருஷத்துக்கு இழுத்துக்கிட்டே போனார்னு சொன்னா மிகையில்ல.

எழுத்தாளராக ஆசைப்பட்டவர்

ஸ்கின்னர் படிச்சது சைக்காலஜி இல்ல, ஆங்கில இலக்கியம். ஹாமில்டன் கல்லூரி. அங்கே சேர்ந்த முதல் வருஷமே, பதினாறு வயசுத் தம்பி மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்துபோனான். வீட்டுக்கு மிச்சம் இருந்த ஒரே பிள்ளை இவர்தான். அந்தப் பிள்ளை நாவல் எழுதப்போறேன்னு கிளம்பினா பெற்றவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனால், கையில் ஒரு பலமான சிபாரிசு இருந்தது. புகழ்பெற்ற கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட்டுக்குத் தன் சிறுகதைகளை அனுப்பியிருந்தார். படிச்சுட்டு ஊக்கம் கொடுத்துப் பதில் எழுதியிருந்தார் ஃப்ராஸ்ட். ஒரு வருஷம் வீட்டோடு இருந்து எழுது, பார்க்கலாம்னு அப்பா சம்மதிச்சார்.

1926. குடும்பம் அப்போ ஸ்க்ரான்டன் நகரத்துக்குக் குடிமாறியிருந்தது. வீட்டு மாடியில் எழுதறதுக்குன்னு ஓர் அறையைத் தானே தயார் பண்ணிக்கிட்டார். மேஜை தயார், காகிதம் தயார், நேரம் தாராளம். எழுத்து மட்டும் வரலை. பொம்மைக் கப்பல் செஞ்சார், பியானோ வாசிச்சார், ரேடியோ கேட்டார். மனநல மருத்துவரைப் பார்க்கலாமான்னு யோசிக்கிற அளவுக்குப் போயிடுச்சு. தன் வாழ்க்கையின் இருண்ட ஆண்டு என்று அதைப் பின்னாளில் குறிப்பிட்டார். தன்னிடம் சொல்வதற்கு எதுவும் இல்லாததால்தான் தோற்றேன்னு காரணமும் சொன்னார்.

அதை அப்படியே ஏத்துக்க எனக்கு மனசில்ல. அவர் கண்டுபிடிப்பை வெச்சே அந்த வருஷத்தைப் பாருங்களேன். எழுதினால் படிக்க ஆள் இல்ல. நல்லா இருக்கு, மோசம்னு சொல்ல யாருமில்ல. பத்திரிகை இல்ல, கெடு இல்ல. ஃப்ராஸ்ட்டின் கடிதம் ஒரே ஒரு தடவை விழுந்த தீனி, அதுக்கப்புறம் எத்தனை தடவை அழுத்தினாலும் ஒண்ணும் விழலை. அழுத்தறது நின்னுபோகத்தான் செய்யும். வேலையை விட்டுட்டு யூபிஎஸ்சிக்கு வீட்டில் உட்கார்ந்து படிக்கிறவங்க, தனியா யூடியூப் சேனல் ஆரம்பிச்சு நாற்பது வியூஸோட நிற்கிறவங்களுக்கு இந்த மாடி அறை நல்லாவே தெரிஞ்சிருக்கும்.

மாடி அறையை விட்டு நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜுக்குப் போனார். புத்தகக் கடை வேலை. அந்த நாள்களில்தான் பாவ்லோவ், ஜான் வாட்சன் இவங்க புத்தகங்கள் அவரைப் பிடிச்சு இழுத்தன. மனுஷங்களைக் கதையில் எழுதத் தெரியலையா, சரி, விஞ்ஞானமா ஆராய்ந்து பார்ப்போம். 1928-ல், 24 வயசில், ஹார்வர்டில் சைக்காலஜி படிக்கச் சேர்ந்தார்.

ஒரு பெட்டி, ஒரு லீவர்

பாவ்லோவின் நாய் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். சாப்பாடு வரப்போகுதுன்னு ஓர் அறிகுறி கிடைச்சா எச்சில் ஊறும். அங்கே நாய் எதையும் செய்யலை, அதுக்கு நடக்குது, அவ்வளவுதான். நம்ம வாழ்க்கையில் பாதி இப்படி இல்லையேன்னு யோசிச்சார் ஸ்கின்னர். நாம எழுந்து போறோம், பேசறோம், கதவைத் தட்டறோம், போனை எடுக்கறோம். இதெல்லாம் தூண்டிவிட்டதால வர்றது இல்ல, செஞ்சா என்ன கிடைச்சதோ அதால நிலைக்கிறது. எட்வர்ட் தார்ன்டைக் பூனைகளைக் கூண்டில் வெச்சு 1898-லேயே இதன் ஆரம்பத்தைச் சொல்லியிருந்தார். ஸ்கின்னர் அதைத் துல்லியமா அளக்கப் புறப்பட்டார்.

கையில் கிடைச்ச பழைய சாமான்களை வெச்சு ஒரு பெட்டி செஞ்சார். உள்ளே ஒரு லீவர். எலி அதை அழுத்தினால் ஒரு தீனி உருண்டை விழும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு பேனா, ஓடும் காகிதத்தில் ஒரு படி மேலே ஏறும். வேகமா அழுத்தினா கோடு செங்குத்தா ஏறும். நிறுத்தினா படுத்துடும். எலி என்ன நினைக்குதுன்னு ஊகிக்கத் தேவையே இல்ல, கோடு பேசும். செய்ததுக்குப் பின்னால் வருவது எதுவோ, அது அந்தச் செயலை இன்னும் அதிகமாக்கினால் அதுக்குப் பேர் வலுவூட்டல். இந்த முழு முறைக்கும் ஆப்பரன்ட் கண்டிஷனிங்னு பேர் வந்தது.

ஒரு நாள் தீனி விழும் குழாய் அடைச்சுக்கிச்சு. எலி அழுத்துது, ஒண்ணும் வரலை. வேறு யாராவது இருந்தா திட்டிக்கிட்டே ரிப்பேர் பார்த்திருப்பாங்க. ஸ்கின்னர் காகிதத்தைப் பார்த்தார். கோடு முதலில் வேகமா ஏறி, அப்புறம் அலையலையாத் தளர்ந்து படுத்திருந்தது. பழகின ஒரு செயல் எப்படிச் சாகுதுங்கறதன் படம் அது. நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை மதியம், ஆய்வகத்தில் சொல்லிக்கக்கூட ஆள் இல்ல. இந்த விஷயம் தெரிஞ்ச ஒரே ஆள் தான்தான், செத்துகித்துப் போயிட்டா உலகத்துக்குத் தெரியாமலே போயிடுமேன்னு அந்த வார இறுதி முழுக்க ரோட்டைக் கடக்கும்போது ரொம்ப ஜாக்கிரதையா இருந்தாராம்!

அந்த முதல் வேகத்தைக் கவனிங்க. லிஃப்ட் வரலைன்னா பட்டனை நாலு தடவை வேகமா அழுத்தறோம் இல்லையா, அதேதான். கடையில் சாக்லேட் கேட்டு அழற குழந்தைக்கு, இன்னைக்கு வாங்கித் தர்றதில்லைன்னு முடிவெடுத்தா அழுகை முதல்ல கூடும், அப்புறம்தான் குறையும். கூடும்போது பயந்துபோய் வாங்கிக் கொடுத்தீங்கன்னா, சத்தமா அழுதா கிடைக்கும்னு நீங்களே பாடம் நடத்திட்டீங்க.

தீனி தீர்ந்துபோன சனிக்கிழமை

நம்ம போனுக்கான விடை அடுத்த சம்பவத்தில் இருக்கு. அப்போ தீனி உருண்டை கடையில் கிடைக்காது. ஸ்கின்னரே மாவு பிசைஞ்சு, ஒரு சின்ன மெஷினில் உருட்டிச் செய்யணும். ஒரு சனிக்கிழமை மதியம் கையிருப்பைப் பார்த்தா, உட்கார்ந்து செஞ்சாத்தான் திங்கட்கிழமை வரை தாங்கும். அலுப்பா இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஏன் கொடுக்கணும், நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு கொடுத்தா என்ன? எலி அழுத்தறதை நிறுத்தலை. அது மட்டுமில்ல, இப்படி விட்டுவிட்டுப் பெற்ற எலிக்குத் தீனியை அடியோட நிறுத்தினா, ஒவ்வொரு அழுத்தலுக்கும் பெற்ற எலியைவிட ரொம்ப நேரம் விடாம அழுத்துச்சு.

அப்புறம் வருஷக்கணக்கில் இதையே விதவிதமா மாத்திப் பார்த்தார், பெரும்பாலும் புறாக்களை வெச்சு. சார்லஸ் ஃபெர்ஸ்டருடன் சேர்ந்து 1957-ல் இதுக்குன்னே ஒரு தடிமனான புத்தகம் போட்டார். எல்லாத்திலும் மோசமானது ஒரு வகை. எத்தனை கொத்துக்கு ஒரு தீனின்னு புறாவுக்குத் தெரியாது. மூணாவதுக்கும் வரலாம், நூறாவதுக்கும் வரலாம். இந்தக் கணக்கில் மாட்டின புறா வேகமா, ஓய்வே இல்லாம கொத்தும். சூதாட்ட விடுதியின் ஸ்லாட் மெஷின் இதே கணக்கில்தான் ஓடுதுன்னு ஸ்கின்னரே எழுதினார்.

இப்போ உங்க கட்டைவிரலுக்கு வாங்க. கீழே இழுத்து விடறீங்க. ஒண்ணுமில்ல. மறுபடி. சுமாரான ஒரு மீம். மறுபடி. ஒண்ணுமில்ல. மறுபடி... சிரிச்சு வயிறு வலிக்கற ஒரு வீடியோ. அது எத்தனாவது இழுப்பில் வரும்னு உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்த இழுப்போட வெச்சுட்டுப் போயிருப்பீங்க. எல்லா ரீல்ஸும் சூப்பரா இருந்தாக்கூட இவ்வளவு நேரம் உட்கார மாட்டீங்கன்னுதான் நினைக்கிறேன். நடுநடுவே வர்ற மொக்கைதான் ஆளைப் பிடிச்சு வைக்குது. போன் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இந்தக் கோட்டை அவர் வரைஞ்சு வெச்சுட்டார்.

ஏவுகணைக்குள் புறா

இரண்டாம் உலகப்போர் சமயம். ஸ்கின்னர் அப்போ மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில். புறாவைப் பயிற்றுவிச்சு, குண்டின் மூக்கில் உட்காரவெச்சு, திரையில் தெரியும் இலக்கைக் கொத்தவெச்சா குண்டு தானே இலக்கை நோக்கித் திரும்புமேன்னு ஒரு யோசனை. சிரிக்காதீங்க. மினியாப்பொலிஸில் ஜெனரல் மில்ஸ் கம்பெனியின் மாவு மில் மேல்மாடியில் வேலை நடந்தது, அரசு 25,000 டாலர் கொடுத்தது. 1944-ல் நிபுணர் குழு முன்னாடி ஒரு புறா பிசகில்லாமல் கொத்திக் காட்டியது. குழுவினருக்குச் சிரிப்பு அடக்க முடியலை. திட்டம் குப்பைக்குப் போச்சு.

மாவு மில்லில் கிடைச்ச வேறொண்ணு மட்டும் நிலைச்சது. ஒரு நாள் சும்மா இருந்த நேரத்தில், புறாவுக்குப் பந்து உருட்டக் கத்துக்கொடுக்க முயற்சி பண்ணாங்க. அது தானாப் பந்தைத் தட்டும்னு காத்திருந்தா விடிஞ்சுடும். அதனால பந்தைத் திரும்பிப் பார்த்தாலே தீனி. அடுத்து, பக்கத்தில் போனால்தான் தீனி. அடுத்து, அலகு பட்டால்தான். கொஞ்ச நேரத்தில் புறா பந்தைச் சுவரில் மோதவிட்டு விளையாட ஆரம்பிச்சுடுச்சு. இதுதான் ஷேப்பிங். முழுசா சரியாச் செய்யற வரை பாராட்டைப் பூட்டி வைக்காம, சரியான திசையில் எடுத்துவைக்கிற ஒவ்வோர் அடிக்கும் உடனே கொடுக்கறது.

1948-ல் இன்னொரு குறும்பு. எட்டுப் பசித்த புறாக்கள். அதுங்க என்ன செஞ்சாலும், செய்யாட்டியும், குறிப்பிட்ட இடைவெளியில் தீனி வரும். எட்டில் ஆறு, தீனி வரும் நேரம் தற்செயலா என்ன செஞ்சுக்கிட்டிருந்ததோ அதையே திரும்பத் திரும்பச் செய்ய ஆரம்பிச்சது. ஒண்ணு சுத்திச் சுத்தி வந்தது, இன்னொண்ணு மூலையில் தலையை முட்டியது. நீங்க எழுந்து போனா விக்கெட் விழுந்துடும்னு மேட்ச் முடியற வரை சோபாவை விட்டு நகராத உங்க நண்பரை இனிமே கிண்டல் பண்ணாதீங்க.

மகளைப் பெட்டியில் அடைத்தாரா?

ஸ்கின்னரைப் பற்றி இணையத்தில் தேடினா, மகளைப் பெட்டிக்குள் வளர்த்தார், அவள் பைத்தியமாகித் தற்கொலை செய்துகொண்டாள்னு ஒரு கதை கண்டிப்பா வரும். சுத்தப் பொய். 1944-ல் இரண்டாவது மகள் டெபோரா பிறந்தப்போ, மனைவி இவோனுக்கு வேலை குறையட்டும்னு ஒரு தொட்டில் செஞ்சார். முன்பக்கம் கண்ணாடி, உள்ளே இதமான வெப்பம், சுத்தமான காற்று. குளிருக்காகக் குழந்தைக்கு அடுக்கடுக்காத் துணி சுத்த வேண்டாம். தூங்கவும் கொஞ்ச நேரம் விளையாடவும் அதில் விடுவாங்க, மத்த நேரம் வெளியேதான். லீவரும் இல்ல, தீனியும் இல்ல. ஆனா, 1945-ல் இதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்கு ஒரு பெண்கள் பத்திரிகை, பெட்டிக்குள் குழந்தைன்னு தலைப்பு வெச்சது. எலிப் பெட்டியும் தொட்டிலும் ஜனங்க மனசில் ஒண்ணாயிடுச்சு. டெபோரா லண்டனில் ஓவியரானார். 2004-ல் தான் நன்றாகவே இருப்பதாகப் பத்திரிகையில் எழுதவேண்டி வந்தது அவருக்கு!

அதே டெபோராவின் நாலாம் வகுப்புக்கு 1953 நவம்பரில் பெற்றோர் தினத்தன்று போனார். கணக்கு வகுப்பு. சில பிள்ளைகள் முடிச்சுட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாங்க, சிலர் முழி பிதுங்கிக்கிட்டிருந்தாங்க. போட்டது சரியா, தப்பான்னு தெரிய அடுத்த நாள் ஆகும். புறாவுக்கே நொடியில் பதில் சொல்றோம், பிள்ளைக்கு ஒரு நாளா? சில நாள்களிலேயே, சின்னச் சின்னப் படியாக் கேட்டு, உடனே விடையைக் காட்டும் ஒரு கற்பிக்கும் கருவியைச் செஞ்சு முடிச்சார். மொழி கத்துக்கற ஆப்பில் பதிலைத் தட்டினதும் பச்சை நிறம் மின்னுதே, அதுக்குத் தாத்தா இது.

தண்டனை விஷயத்திலும் அவர் பேச்சு ஆரம்பத்திலிருந்தே ஒண்ணுதான். லீவரில் கை வெச்ச எலிக்கு அடி விழுந்தா கொஞ்ச நேரம் அடங்கும். அடி நின்னதும் மீதியை அழுத்தித் தீர்த்துடும். தண்டனை எதைச் செய்யக் கூடாதுன்னு சொல்லும், எதைச் செய்யணும்னு சொல்லாது. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம், பரீட்சையில் பலர் கோட்டை விடற இடம். எதிர்மறை வலுவூட்டல்னா தண்டனை இல்ல. காரில் சீட் பெல்ட் போடற வரை ஒரு சத்தம் காதைக் குடையுமே, பெல்ட்டைப் போட்டதும் நிற்குமே, அதுதான். தொல்லை போறதே பரிசு. அடுத்த தடவை சீக்கிரமே போடுவீங்க. அம்மா நச்சரிப்பு நிற்கணும்னு ரூமைப் பெருக்கறதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

எல்லாத்தையும் விளக்கிட முடியும்னு அவர் நம்பினதில்தான் வில்லங்கம். குழந்தை பேசக் கத்துக்கறதும் இப்படித்தான்னு 1957-ல் எழுதினார். யாரும் சொல்லிக்கொடுக்காத, அதுவரை கேட்டே இராத வாக்கியங்களைக் குழந்தை எப்படிப் பேசுதுன்னு 1959-ல் நோம் சாம்ஸ்கி கிழிச்சுத் தொங்கவிட்டார். மாவு மில்லில் கூட வேலை செஞ்ச கெல்லர் பிரிலேண்டும் மனைவி மரியனும் 1961-ல் வேறொரு சிக்கலைச் சொன்னாங்க. உண்டியலில் காசு போடப் பழக்கின பன்றி, போகப்போகக் காசை மூக்கால் மண்ணில் முட்டித் தள்ள ஆரம்பிச்சுடுது. பன்றிக்குள்ள பன்றி இருக்கத்தானே செய்யும்? சுதந்திரம், கௌரவம் இதெல்லாம் பழைய கற்பனைன்னு 1971-ல் ஒரு புத்தகம் எழுதி, டைம் பத்திரிகை அட்டையில் வந்து, எல்லாத் தரப்பிலும் திட்டு வாங்கினார். அதில் பாதித் திட்டு நியாயம்தான்னு நினைக்கிறேன். மனுஷனைத் திருத்த அவன் சூழலைத் திட்டம் போட்டு அமைக்கணும், சரி. யார் அமைக்கிறது, அவங்க நோக்கம் என்னங்கற கேள்விக்கு அவர் பதில் எனக்குப் போதலை. இன்னைக்கு நம்ம பாக்கெட்டுக்குள்ளேயே யாரோ அமைச்ச ஒரு பெட்டி இருக்கும்போது, அந்தக் கேள்வி இன்னும் பெருசாத் தெரியுது.

விளக்கோடு ஓடிய கடிகாரம்

மத்தவங்களுக்குச் சொன்னதைத் தனக்கும் செஞ்சார் என்பதில்தான் அவர் மேல் எனக்கு மரியாதை. மாடி அறையில் ஒரு வரி எழுத முடியாமல் தவிச்சவர், கேம்ப்ரிட்ஜ் வீட்டின் கீழ்த்தள அறையில் தினமும் விடியற்காலையில் எழுதினார். மூட் வர்றதுக்குக் காத்திருக்கலை. தொடங்கற நேரத்துக்கு மணி அடிக்கும், முடிக்கற நேரத்துக்கு மணி அடிக்கும். அடிச்சதும் எழுந்துடுவார். மேஜை விளக்கைப் போட்டா ஒரு கடிகாரமும் சேர்ந்து ஓடும், அணைச்சா நிற்கும். அது பன்னிரண்டு மணி நேரம் ஓடி முடிச்சா, சுவரில் இருந்த வரைபடத்தில் ஒரு புள்ளி. எலிக்கு வரைஞ்ச அதே ஏறுகோடு, இப்போ தனக்கு.

வயசானதும் மறதி வந்தது. 1983-ல் முதுமை பற்றி மார்கரெட் வானுடன் ஒரு புத்தகம் எழுதினார். மழை வரும்னு காலையில் செய்தி கேட்டீங்களா, கிளம்பும்போது குடையை ஞாபகம் வெச்சுக்கணும்னு நினைக்காதீங்க, அப்பவே எடுத்து வாசல் கதவின் கைப்பிடியில் மாட்டிடுங்கன்னு அதில் ஒரு யோசனை. பைஜாமா போர்டு போட்ட பையன் எங்கேயும் போகலை.

1989-ல் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. 1990, ஆகஸ்ட் 10-ம் தேதி பாஸ்டனில் அமெரிக்க உளவியல் சங்கம் அவருக்கு வாழ்நாள் சாதனை விருது கொடுத்தது. 86 வயதில், குறிப்பு எதுவும் இல்லாமல் நின்று பேசினார். வீட்டுக்குத் திரும்பினதும் அந்தப் பேச்சைக் கட்டுரையாக்கும் வேலை. ஆகஸ்ட் 18-ல் இறந்தார். அதற்கு முந்தின மாலை வரை அந்தக் கட்டுரையில்தான் இருந்தார். அதையும் முடிச்சுட்டார்.